படித்த பையனை எப்படிக் கடத்துவார்கள்?

கேள்வி: என் அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வேலை தேடுகிறான். டெலிகிராம் குழு ஒன்றின் வழியாகப் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை வந்திருக்கிறது. மாதம் எண்பதாயிரம் ரூபாய் சம்பளம், டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருகிறார்களாம். ஆள்கடத்தலாக இருக்கப்போகிறது என்றேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். படித்த பையனை, கையில் செல்போன் வைத்திருப்பவனை எப்படிக் கடத்த முடியும்? இதில் தொழில்நுட்பத்தின் பங்கு உண்மையில் எவ்வளவு?

பதில்: சிரிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆள்கடத்தல் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வேன், சாக்குப்பை, மயக்க மருந்து. அந்தப் படத்தில் பட்டதாரிக்கு இடமில்லை. ஆனால் சில ஆண்டுகளாகத் தென்கிழக்கு ஆசியாவில் நடந்துவரும் ஆள் வணிகத்தில் அவன்தான் சரக்கு. கம்ப்யூட்டர் தெரியும், ஆங்கிலம் தெரியும், வேகமாகத் தட்டச்சு செய்வான் என்பதால்தான் அவனைத் தேடுகிறார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் மேற்கு எல்லையில் மே சோட் என்றொரு ஊர். பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். ஊரை ஒட்டி மோய் ஆறு ஓடுகிறது. அக்கரை மியான்மரின் மியாவடி. அங்கே ஷ்வே கொக்கோ, கேகே பார்க் என்ற பெயர்களில், வயலும் புதருமாகக் கிடந்த நிலத்தில் அடுக்குமாடி வளாகங்கள் எழுந்தன. நீண்ட காலமாக மியான்மர் அரசின் கை அங்கே நேராக நீளவில்லை. கரேன் என்ற இனத்தாரின் ஆயுதக் குழுக்களின் ஆதிக்கம்தான். ஷ்வே கொக்கோவுக்கு நிழல் கொடுத்தது சா சிட் து என்பவர் தலைமையில் ‘எல்லைக் காவல் படை’ என்ற பெயரில் இயங்கிய கரேன் குழு; அவர்மீதும் அவர் படைமீதும் அமெரிக்கா 2025 மே மாதம் பொருளாதாரத் தடை விதித்தது. கம்போடியாவின் சிஹானூக்வில் நகரமும், லாவோஸின் பொக்கியோ மாகாணத்தில் உள்ள தங்க முக்கோணப் பொருளாதார மண்டலமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பல இடங்கள் சூதாட்டத்தை நம்பி வளர்ந்தவை. கொரோனா காலத்தில் சூதாடிகள் வரவில்லை. கட்டடமும் காவலும் அப்படியே இருக்க, தொழில் இணைய மோசடிக்கு மாறியது. மோசடி செய்ய ஆள் வேண்டும். தெரிந்து வர அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயமாக மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம்.

இது நமக்குத் தொலைவான கதையும் இல்லை. 2022 செப்டம்பரில் மியாவடியில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் தங்களை மீட்கும்படி கெஞ்சிய காணொளி தமிழ்நாட்டில் பரவியது. அக்டோபர் 5 அன்று அவர்களில் 13 பேர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் அதே செப்டம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள்: ஐ.டி. திறமை உள்ள இளைஞர்கள், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, சமூக ஊடக விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்டுகள். உங்கள் அக்கா மகனுக்கு வந்த செய்தியை முன்கூட்டியே பார்த்து எழுதியதுபோல் இருக்கும். இலங்கையிலிருந்து போனவர்களும் மியாவடியில் சிக்கி, தவணை தவணையாக மீட்கப்பட்டார்கள்.

இனி ஆள் சேர்க்கும் விதத்துக்கு வருகிறேன். தொழில்நுட்பத்தின் முதல் பங்கு இங்கேதான். ஆனால் பழைய பழக்கம் ஒன்று இதன் அடியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மாரைக் கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், சில நேரம் சொந்தமே. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார். தோட்டத்தை மிதிக்கும் முன்பே அது கடனாகக் கழுத்தில் ஏறியிருக்கும். தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டுகிறவர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும், ஆள் இடம் மாறுவார். கடன்தான் கைமாறியது என்று கணக்குப் புத்தகம் சொல்லும். துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

மியாவடியிலும் சிஹானூக்வில்லிலும் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமான டிக்கெட், எல்லை தாண்டிய செலவு, ஏஜென்ட் கமிஷன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பையன் பெயரில் கடனாக ஏறுகிறது. “டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருகிறார்கள்” என்று உங்கள் வீட்டில் மகிழ்ந்தீர்களே, அதுதான் முன்பணம். திரும்பிப் போகிறேன் என்றால் சில ஆயிரம் டாலர் கட்டு என்பார்கள். கட்ட முடியாதவனை இன்னொரு வளாகத்துக்கு விற்பார்கள். விற்பதற்கான சந்தை டெலிகிராம். வயது, நாடு, தெரிந்த மொழி, விலை எல்லாம் போட்டு ஆட்களை விளம்பரம் செய்த குழுக்கள் அம்பலமாகியிருக்கின்றன. தட்டச்சு வேகம் குறைவு என்று சரக்கின் குறையையும் சேர்த்துச் சொன்ன விளம்பரங்கள்கூட உண்டு. துண்டுச் சீட்டிலாவது இப்படி எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கங்காணியும் இருக்கிறார். உள்ளே சிக்கியவனிடமே, உனக்குப் பதில் இரண்டு பேரைக் கொண்டு வா, உன்னை விடுகிறோம் என்பார்கள். அவன் தன் கல்லூரி நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் வேலைச் செய்தி அனுப்புவான். முன்பெல்லாம் ஏஜென்ட் ஊருக்கு வர வேண்டும், டீக்கடையில் உட்கார வேண்டும், நாலு பேர் கண்ணில் பட வேண்டும். இப்போது அவர் முகமே தெரிவதில்லை. கேஸ் கொடுக்கப் போனால் பெற்றோரிடம் இருப்பது ஒரு புனைபெயரும், பணம் போட்ட வங்கிக் கணக்கு எண்ணும்தான்.

நேர்முகத் தேர்விலும் ஒரு விஷயம் கவனியுங்கள். டேட்டா என்ட்ரி வேலைக்குத் தட்டச்சு வேகம் பார்ப்பது இயல்பு, ஒத்துக்கொள்கிறேன். அதோடு நிற்காமல் அரட்டை போல ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பார்ப்பார்கள். என்ன படித்தாய் என்று கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் தயாரா என்றுதான் கேட்பார்கள்.

விமானம் ஏறுவதில் தடை ஏதும் இல்லை. 2023 நவம்பரில் இந்தியர்களுக்குத் தாய்லாந்து சுற்றுலா விசாவைத் தளர்த்தியது. நம் பக்கச் சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. இது என்னை நீண்ட நாளாக உறுத்துவது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் ஏற்பாட்டில், பத்தாம் வகுப்பு தேறாதவர் தாய்லாந்து, மலேசியா, வளைகுடா நாடுகள் போன்றவற்றுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். யார் வேலை கொடுக்கிறார்கள், ஒப்பந்தம் என்ன என்று அரசு ஒரு முறையாவது பார்க்கும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அது தேவையில்லை. படித்தவன் ஏமாற மாட்டான் என்று சட்டம் நினைத்தது. உங்கள் வீட்டாரும் அதையேதான் நினைக்கிறார்கள். மோசடிக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். 2022 ஜனவரி முதல் 2024 மே வரை சுற்றுலா விசாவில் கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் சென்று திரும்பாத இந்தியர் 29,466 பேர் என்று குடியேற்ற அலுவலகக் கணக்கு சொன்னது. அத்தனை பேரும் அடிமைகள் என்று பொருளில்லை. எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதே செய்தி.

உள்ளே என்ன வேலை? ஒரு மேசை, பல செல்போன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொய் முகம். பெரும்பாலும் பணக்கார இளம்பெண்ணின் படம். அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருக்கும் ஓர் அந்நியருக்குத் தவறுதலாக வந்ததுபோல் ஒரு செய்தி போகும். வாரக்கணக்கில் நலம் விசாரிப்பு, பிறகு காதல், பிறகு கிரிப்டோவில் முதலீடு. சீன மொழியில் இதைப் பன்றி அறுப்பு என்பார்கள். கொழுக்க வைத்து அறுப்பது. ஏமாந்தவரைப் பன்றி என்று அழைப்பது அவரை இன்னொரு முறை அவமதிப்பது என்பதால் அந்தச் சொல்லைக் கைவிடும்படி இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. நியாயம்தான். மேசையில் இருப்பவனுக்கு வசனம் எழுதியே கொடுத்துவிடுவார்கள். என்றைக்கு என்ன சொல்ல வேண்டும், எதிராளி சந்தேகப்பட்டால் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பது வரை இருக்கும். அமெரிக்கர்களைப் பிடிப்பவனுக்கு இரவுதான் பகல். தினம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை. இலக்கு எட்டாவிட்டால் அபராதம், பட்டினி, மின்சார அதிர்ச்சி. மீண்டவர்கள் நாடு நாடாக இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த அளவில் நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஷிமீது நியூயார்க்கில் 2025 அக்டோபரில் குற்றச்சாட்டு வெளியானது. ஆட்களைக் கட்டாயப்படுத்தி மோசடி வளாகங்களை நடத்தினார் என்பது குற்றச்சாட்டு, குழுமம் மறுத்தது. இரண்டு இடங்களில் மட்டும் 1,250 செல்போன்களைக் கொண்டு ஒரு சமூக ஊடகத்தில் 76,000 கணக்குகளை இயக்கினார்கள் என்கிறது அந்த ஆவணம். அதையொட்டி அமெரிக்கா கையகப்படுத்த முனைந்தது 1,27,271 பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர்.

பணம் போகும் வழியிலும் தொழில்நுட்பம் உண்டு. சட்டவிரோதப் பணத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோவது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. இப்போது டாலர் மதிப்புடன் கட்டிய கிரிப்டோ நாணயம் சில நிமிடங்களில் கை மாறுகிறது. கம்போடியாவின் ஹுயோன் குழுமத்தைச் சேர்ந்த டெலிகிராம் சந்தையில் கறுப்புப் பணத்தை வெளுத்துக் கொடுப்பவர்கள், திருட்டுத் தகவல் விற்பவர்கள், போலி முதலீட்டு இணையதளம் கட்டித் தருபவர்கள் என எல்லோரும் கடை விரித்திருந்தார்கள். மின்சாரத் தடிகளும் மின்சாரக் கால்விலங்குகளும்கூட அங்கே விற்பனைக்கு இருந்ததை, கிரிப்டோ பரிமாற்றங்களை ஆராயும் எலிப்டிக் நிறுவனம் 2024-இல் வெளிக்கொணர்ந்தது. அந்த விலங்குகள் யார் காலுக்கு என்று விளக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத்தில் டெலிகிராம் அந்தச் சந்தையின் கணக்குகளை மூடியது. வியாபாரிகள் பக்கத்துச் சந்தைகளுக்கு நகர்ந்தார்கள்.

கையில் செல்போன் இருக்கிறதே, உதவி கேட்கக் கூடாதா என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். சொந்த போனைப் பிடுங்கிவிடுவார்கள், அல்லது தினமும் வாங்கிப் பார்ப்பார்கள். வேலைக்குக் கொடுத்த போன்கள் கம்பெனியுடையவை, என்ன தட்டினாலும் மேற்பார்வையாளர் பார்க்கிறார். வீட்டுக்குப் பேச விட்டாலும் ஒலிபெருக்கியில், பக்கத்தில் ஆள் நிற்க, நலமாக இருக்கிறேன் என்று மட்டும். உலகம் முழுக்க யாரோடும் பேசலாம், அம்மாவோடு மட்டும் பேச முடியாது என்பதுதான் நிலை. இன்னொரு பூட்டும் உண்டு. பாங்காக்கில் இறங்கி, கார் வடமேற்கே போகும்போது மேப்பில் நீலப் புள்ளி நகரை விட்டு விலகுவதைப் பார்த்துத்தான் பலருக்குச் சந்தேகமே வந்தது. ஆனால் ஆற்றைக் கடந்த நொடியில் அவன் பாஸ்போர்ட்டில் முத்திரையில்லாமல் மியான்மருக்குள் நுழைந்தவன். தப்பித்து இக்கரை வந்தாலும் தாய்லாந்துச் சட்டத்தின் பார்வையில் அனுமதியின்றி நுழைந்தவன். போலீஸுக்குப் போன் செய்தால் நீதான் உள்ளே போவாய் என்று காவலாளி மிரட்டுவது முழுப் பொய் இல்லை, அதனால்தான் பலிக்கிறது.

தொழில்நுட்பத்தை வெட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா என்றால், வெட்டிப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகர் பட வாய்ப்பு என்று நம்பித் தாய்லாந்து வந்து மியாவடிக்குக் கடத்தப்பட்டார். சீனாவில் பெருங்கூச்சல். பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து எல்லையில் ஐந்து இடங்களுக்கு மின்சாரம், இணையம், எரிபொருள் மூன்றையும் நிறுத்தியது. நெருக்கடியில் சுமார் 7,000 பேர் விடுவிக்கப்பட்டார்கள். மார்ச்சில் இந்திய விமானப் படை இரண்டு நடைகளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒரு நடிகருக்காக அசைந்த அரசுகள் அதுவரை எங்கே இருந்தன என்ற கேள்வியை நான் எழுப்பாமல் விட முடியவில்லை. ஆனாலும் தொழில் நிற்கவில்லை. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், இணையத்துக்குக் கூரை நிறைய ஸ்டார்லிங்க் தட்டுகள், அதாவது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையக் கருவிகள். செயற்கைக்கோள் படங்களில் அந்தத் தட்டுகளை எண்ண முடிந்தது. 2025 அக்டோபரில் மியான்மர் ராணுவம் கேகே பார்க்கில் சோதனையிட்ட சமயத்தில், மோசடி மையங்கள் இருக்கும் பகுதியில் 2,500-க்கும் மேற்பட்ட கருவிகளைத் துண்டித்துவிட்டதாக ஸ்பேஸ்எக்ஸ் அறிவித்தது. கேகே பார்க்கிலிருந்து ஆற்றைக் கடந்து 1,500-க்கும் மேற்பட்டோர் மே சோட்டில் கரையேறினார்கள். அவர்களிலும் பல நூறு இந்தியர்கள் இருந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டால் மோசடிக்கு ஆளே தேவைப்படாது, இந்த அடிமைத்தனம் தானாக மறையும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள் வந்தபின் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனும் வேலைக்கு ஆகிறான், அதாவது வலை பெரிதாகியிருக்கிறது. முகம் மாற்றும் மென்பொருள் வீடியோ அழைப்பையும் நம்ப வைக்கிறது. ஆளை வைத்திருப்பதில் வேறு லாபமும் உண்டு. பிணைத்தொகை கேட்கலாம், விற்கலாம், அவன் பெயரில் கணக்குத் திறக்கலாம்.

உங்கள் கேள்வி பொதுவானது என்பதால் மற்ற இடங்களைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். குவைத்தில் வீட்டுவேலைப் பெண்களை இன்ஸ்டாகிராமிலும் விற்பனைச் செயலிகளிலும் கைமாற்றியதை 2019-இல் பிபிசி அரபிப் பிரிவு வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்காவில் பாலியல் விளம்பரங்களுக்குப் பேர்போன பேக்பேஜ் தளம் 2018-இல் முடக்கப்பட்டது. மறுபக்கமும் உண்டு. வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தெற்காசியாவில் 55,387 செங்கல் சூளைகள் இருப்பதாக நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் மதிப்பிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் எது என்பதை வானிலிருந்து பார்க்க முடியாது. அதற்கு வட்டாட்சியர் சூளைக்குப் போய் இறங்க வேண்டும்.

மீண்டு வந்தவனை என்னவென்று அழைப்பது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. அவன் ஏமாற்றியது உண்மை. யாரோ ஒரு ஓய்வூதியக்காரரின் சேமிப்பு போனதும் உண்மை. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, ஏமாற்றி ஆள் சேர்த்துச் சுரண்டுவதைக் கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டில்லை என்றும் சொல்கிறது. சுரண்டலின் வகைகளில் அடிமைத்தனம் உண்டு, பிச்சை உண்டு, உறுப்பு அகற்றல் உண்டு. கட்டாயப்படுத்திக் குற்றம் செய்ய வைப்பது பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே தன் ஆணையில் அதை எழுதிவிட்டது. இங்கே அது விசாரிக்கும் அதிகாரியின் புரிதலுக்கு விடப்பட்டிருக்கிறது. ஊர் திரும்பியவர்கள் வாய் திறக்கத் தயங்குவதற்கு வெட்கத்தோடு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பேசாததால்தான் உங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்.

இனி உங்கள் அக்கா மகன். அவனோடு வாதாட வேண்டாம், இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் கேட்கலாம். தெரிந்த யாராவது ஏற்கெனவே உள்ளே சிக்கியிருந்தால், அவர் போனுக்கு ‘கடத்தல்’, ‘போலீஸ்’ என்றெல்லாம் செய்தி அனுப்பாதீர்கள், அது காவலாளி கையில் இருக்கலாம். டிக்கெட், அரட்டைப் பதிவு, பணம் போட்ட கணக்கு எண், கடைசியாக வந்த இருப்பிடம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு காவல் நிலையத்திலும் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

இரண்டாவது காரியம் இன்னும் எளிது. தாய்லாந்தில் வேலை பார்க்க ‘நான்-இமிக்ரன்ட் பி’ என்ற விசா வேண்டும். அதற்கான தாள்களைக் கம்பெனிதான் தர வேண்டும். விமானம் ஏறும் முன் அந்த விசா கைக்கு வருமா என்று அவன் அந்த டெலிகிராம் ஆளிடமே கேட்கட்டும். “இப்போது டூரிஸ்டாக வாருங்கள், இங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், அதை அப்படியே வீட்டில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.